வாட்ஸப்பில் போட்டேன், ஆயாவுக்குத் தெரியாது

2021 நவம்பர் 1-ஆம் தேதி. கொரோனாவுக்குப் பிறகு ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை பள்ளிகள் திறந்த நாள். பிள்ளைகளின் முகத்தைப் பார்த்த சந்தோஷம் தீர்வதற்குள் மழை பிடித்துக்கொண்டது. அந்த மாதத்தில் ஒரு நாள் காலை ஆறே முக்காலுக்கு, எங்கள் மாவட்டத்தில் பள்ளிகளுக்கு விடுமுறை என்று டிவியில் ஓடியது. உடனே பெற்றோர் வாட்ஸப் குழுவில் போட்டேன்: "கனமழை காரணமாக இன்று பள்ளிக்கு விடுமுறை அளிக்கப்படுகிறது." பத்து நிமிடத்தில் இருபதுக்கும் மேற்பட்ட கட்டைவிரல்கள் வந்து நின்றன. சரி, எல்லோருக்கும் தெரிந்துவிட்டது என்று போனை வைத்துவிட்டேன்.

பத்து மணிக்குப் பள்ளிக்கு எதிர்வீட்டுக்காரர் கூப்பிட்டார். "டீச்சர், உங்க ரெண்டாம் கிளாஸ் பையன் ஒருத்தன் எட்டரை மணியிலிருந்து ஸ்கூல் கேட் கிட்ட நின்னுட்டு இருந்தான். முழுசா நனைஞ்சுட்டான். நான்தான் கூட்டியாந்து திண்ணையில உக்கார வெச்சிருக்கேன். பையை நெஞ்சோட கட்டிப் பிடிச்சிக்கிட்டு, டீச்சர் வருவாங்க, டீச்சர் வருவாங்கங்கறான்."

அவனுடைய அப்பாவும் அம்மாவும் பெங்களூருவில் கட்டட வேலையில் இருந்தார்கள். பையன் ஆயாவிடம் வளர்ந்தான். காலையில் வந்த அந்தக் கட்டைவிரல்களில் ஒன்று அவன் அப்பாவுடையது. முந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால் அவர் செய்தியைப் பார்த்தார், விரலை அழுத்தினார், வேலைக்குப் போய்விட்டார். இங்கே ஆயா பேரனுக்குத் தலை வாரி, கொட்டும் மழையில் பள்ளிக்கு அனுப்பியிருக்கிறார்.

அடுத்த நாள் ஆயாவைப் பார்க்கப் போனேன். போனில் போட்டிருந்தேனே ஆயா என்றேன். "எனக்கு யாரு டீச்சரம்மா சொன்னாங்க? போன்ல போட்டா போன் வெச்சிருக்கறவனுக்குத்தான் தெரியும்" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அந்த வார்த்தைதான் என் பள்ளியில் வீடுகளுக்குச் செய்தி போகும் முறை முழுவதையும் மாற்றியது.

நான் விழுப்புரம் மாவட்டத்தில் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியின் தலைமையாசிரியை. ஒன்று முதல் ஐந்து வரை வகுப்புகள், 47 பிள்ளைகள், என்னையும் சேர்த்து இரண்டு ஆசிரியர்கள். 2019 ஜூனில் இங்கே பொறுப்பேற்றேன். கல்வித் துறையின் மாணவர் விவர இணையதளமான எமிஸில் பதிவேற்றுவது, சத்துணவுக் கணக்கு, வட்டாரக் கல்வி அலுவலகத்துக்குப் புள்ளிவிவரம் என்று ஒரு நாளில் பாதி இதிலேயே போகும். அதனால் பெற்றோருக்குத் தகவல் சொல்வதை நானும் அந்த வேலைகளில் ஒன்றாகத்தான் வைத்திருந்தேன். அனுப்பினோமா, ஆதாரம் இருக்கிறதா, அவ்வளவுதான். அது தவறு என்று ஒரு பையன் நனைந்த பிறகுதான் புரிந்தது. அதன்பிறகு கற்றுக்கொண்டதை இங்கே எழுதுகிறேன். சின்னப் பள்ளிகளில் இருக்கும் தலைமையாசிரியர்களுக்கு உதவும். பெற்றோர்களும் படிக்கலாம்.

முதலில் செய்தது ஒரு நோட்டு. எமிஸில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு செல்போன் எண் இருக்கிறது. அதை நம்பிக்கொண்டு இருந்தேன். இரண்டு நாள் மாலையில் உட்கார்ந்து 47 எண்களுக்கும் நானே பேசினேன். பல எண்கள் உபயோகத்தில் இல்லை. சில எண்கள் ஆதார் எடுத்துக்கொடுத்த கடைக்காரருடையவை. சிலவற்றை எடுத்தவர் சித்தப்பா, அவர் வேறு ஊரில் இருந்தார். எண் சரியாக இருந்த வீடுகளிலும் போன் அப்பாவோடு காலையில் போய் இரவில்தான் திரும்பியது. ஆக, பள்ளியின் நேரத்தில் பிள்ளைக்கு மிக அருகில் இருப்பவரிடம் போன் இல்லை. இதை எந்த மென்பொருளும் சொல்லாது, பேசிப் பார்த்தால்தான் தெரியும்.

அதனால் நோட்டில் எண்ணுக்குப் பக்கத்தில் மூன்று கேள்விகளுக்குப் பதில் எழுதினேன். இந்தப் பிள்ளையைக் காலையில் அனுப்புவது யார்? அவருக்குச் செய்தி எப்படிப் போகும்? எந்த நேரத்தில் போகும்? உதாரணத்துக்கு அந்த ஆயாவின் வரி இப்படி இருக்கும்: "ஆயா. போன் இல்லை. காலை 6.30 பால் சொசைட்டி." எங்கள் ஊரில் மாடு வைத்திருக்கும் வீட்டிலிருந்து ஒருவராவது காலையிலும் மாலையிலும் பால் சொசைட்டிக்கு வந்தே தீருவார்கள். அங்கே பால் ஊற்றும் வரிசையில் ஒரு வார்த்தை சொன்னால் ஊருக்குள் போய்விடும். வாட்ஸப்பைவிட அது வேகம்.

இந்த நோட்டை வருஷத்துக்கு மூன்று முறை புதுப்பிக்கிறேன்: ஜூன் முதல் வாரம், தீபாவளிக்குப் பிறகு, பொங்கலுக்குப் பிறகு. பொங்கல் முக்கியம். எங்கள் பக்கத்தில் பொங்கல் முடிந்ததும் பல குடும்பங்கள் செங்கல் சூளைக்குப் போய்விடும். திருவள்ளூர், செங்கல்பட்டு என்று போவார்கள். சில பிள்ளைகளைக் கூடவே கூட்டிப்போவார்கள், சிலரை ஆயாவிடம் விட்டுப்போவார்கள். ஜனவரியில் பிள்ளையைப் பார்த்துக்கொள்பவர் மாறிவிட்டால் என் செய்தியும் முகவரி மாற வேண்டும்.

அப்புறம் தெருவுக்கு ஒருவர். பிள்ளைகள் வரும் தெருக்கள் ஆறு. ஒவ்வொரு தெருவிலும், வீட்டிலேயே இருக்கிற, நாலு பேரிடம் தயங்காமல் பேசுகிற ஒரு பெண்மணியிடம் கேட்டேன். பெட்டிக்கடை அக்கா ஒருவர், தையல் மிஷின் வைத்திருப்பவர் ஒருவர், அங்கன்வாடிக்குப் பக்கத்து வீட்டு அம்மா ஒருவர். அவசரச் செய்தி என்றால் அந்த ஆறு பேருக்கு நான் பேசுவேன். அவர்கள் தங்கள் தெருவில் ஏழெட்டு வீடுகளுக்குச் சொல்வார்கள், சொல்லி முடித்ததும் எனக்குத் திரும்பப் பேசுவார்கள். அந்தத் திரும்பிப் பேசுவதுதான் முக்கியம். "எல்லாருக்கும் சொல்லிட்டேன் டீச்சர், அந்த மூணாவது வீடு மட்டும் பூட்டியிருக்கு" என்று ஒருவர் சொன்னால், அந்த ஒரு வீட்டுக்காக நான் வேறு வழி பார்ப்பேன்.

இதற்கு முன்னால் எனக்கு வேறொரு யோசனை இருந்தது. மாரியம்மன் கோயிலில் ஒலிபெருக்கி இருக்கிறது, அதில் சொல்லச் சொல்லலாமே என்று. இரண்டு முறை சொன்னார்கள். ஊர்த்தெருவுக்கு நன்றாகக் கேட்டது. ஏரிக்கரைக்கு அந்தப் பக்கம் இருக்கும் காலனிக்குக் கேட்கவில்லை. என் பிள்ளைகளில் பாதிக்கு மேல் காலனிப் பிள்ளைகள். கேட்காததுகூடப் பெரிதில்லை. பள்ளிக்கூடத்துச் செய்தி கோயிலிலிருந்து வந்தால் அது யாருடைய பள்ளிக்கூடம் என்ற கேள்வி வரும். ஒரு காலனி அம்மா என்னிடம் நேராகவே கேட்டார்: "எங்களுக்கும் சேத்துதானே டீச்சர் சொல்றீங்க?" எனக்கு முகம் சுருங்கிப்போனது. அன்றோடு ஒலிபெருக்கியை விட்டுவிட்டேன். பழைய நாள்போல் தண்டோரா போடலாம் என்று ஒரு பெரியவர் யோசனை சொன்னார். அந்தப் பழக்கம் யாரை எந்த வேலையில் நிறுத்தி வைத்தது என்பது எல்லோருக்கும் தெரியும். 2022-இல் அரசே அதை நிறுத்தச் சொல்லிவிட்டது, நல்லதுதான். ஆறு தெருவுக்கு ஆறு பேர் என்று வைத்தபோது மூன்று பேர் காலனியிலிருந்து வந்தார்கள். செய்தி எந்தப் பக்கத்திலிருந்து கிளம்புகிறது என்பதை ஊர் கவனித்துக்கொண்டுதான் இருக்கிறது.

2023 ஆகஸ்ட் 25-இல் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் அரசுத் தொடக்கப் பள்ளிகள் எல்லாவற்றுக்கும் வந்தபோது எங்களுக்கும் வந்தது. மகளிர் சுயஉதவிக் குழுவிலிருந்து, நம் பள்ளியில் பிள்ளை படிக்கிற ஒரு அம்மாவே சமைக்க வந்தார். பிள்ளைகள் சாப்பிடுவதைப் பற்றித் தனியாகத்தான் எழுத வேண்டும். செய்தி சொல்லும் வேலைக்கும் அது ஒரு பெரிய உதவியானது. காலை ஆறு மணிக்கே பள்ளியில் ஆள் இருக்கிறார். திண்டிவனத்திலிருந்து பஸ் பிடித்து வரும் நான் எட்டரைக்குத்தான் வந்து சேர்வேன். விடுமுறை அறிவிப்பு வந்தால் இப்போது முதல் போன் அந்த அக்காவுக்குத்தான். அடுப்பு பற்றவைக்கும் முன்னாலேயே அவருக்குத் தெரிந்தாக வேண்டும், இல்லாவிட்டால் உப்புமாவும் சாம்பாரும் வீணாகும். அவர் கேட்டில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டிவிடுவார். சிவப்புத் துணி என்றால் இன்று பள்ளி இல்லை. எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும், அவசரமாகக் கடந்து போகிறவருக்கும் தூரத்திலிருந்தே தெரியும். இது அந்த அக்காவின் யோசனை.

இந்த ஏற்பாட்டுக்கு உண்மையான சோதனை 2024 நவம்பர் 30-ஆம் தேதி இரவு வந்தது. ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரை கடந்தபோது எங்கள் மாவட்டம்தான் அடி வாங்கியது. மயிலத்தில் மட்டும் ஒரே நாளில் 50 சென்டிமீட்டருக்கு மேல் மழை. எங்கள் ஊரில் கரண்ட் இல்லை. கரண்ட் போனதும் செல்போன் கோபுரம் போனது, அடுத்த நாளே எல்லாருடைய போனும் செத்துப்போனது. வாட்ஸப் குழு இருந்தும் இல்லாத மாதிரி. அந்த நாட்களில் தெருப் பெண்மணிகள் ஆறு பேரும் கால்நடையாகவே வீடு வீடாகப் போனார்கள். பள்ளி எப்போது திறக்கும் என்பதை மட்டுமல்ல, எந்த வீட்டில் சுவர் விழுந்தது, எந்தப் பிள்ளையின் புத்தகம் நனைந்து நாசமானது என்பதையும் குறித்து வைத்திருந்தார்கள். பஸ் ஓடத் தொடங்கி நான் ஊருக்குள் வந்தபோது என் கையில் ஒரு பட்டியல் தயாராகக் கிடைத்தது. புத்தகம் போன பிள்ளைகளுக்கு மறுபடி புத்தகம் கேட்டு எழுத அதுதான் உதவியது. அதுவரை செய்தி பள்ளியிலிருந்து வீட்டுக்குப் போவது என்றே நினைத்திருந்தேன். அந்த வாரம் அது வீட்டிலிருந்து பள்ளிக்கு வந்தது.

இனி, எப்படிச் சொல்வது என்பது. இதில் நான் செய்த பெரிய தவறு பொறுப்பேற்ற முதல் வருஷம் நடந்தது. குடற்புழு நீக்க நாளுக்கு இப்படி ஒரு சீட்டு எழுதிப் பிள்ளைகளிடம் கொடுத்தனுப்பினேன்:

"தேசிய குடற்புழு நீக்க நாளை முன்னிட்டு மாணவர்களுக்கு அல்பெண்டசோல் மாத்திரை வழங்கப்பட உள்ளதால், அனைத்து மாணவர்களும் தவறாது வருகை புரிய ஆவன செய்யுமாறு பெற்றோர்கள் கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்."

எனக்கு வந்த சுற்றறிக்கையை அப்படியே சுருக்கி எழுதியிருந்தேன். அன்றைக்கு வகுப்பில் பாதிப் பிள்ளைகள் இல்லை. பள்ளிக்கூடத்தில் ஊசி போடுகிறார்கள் என்று ஊரில் பேச்சு. ஒரு வீட்டில் என்னவோ புது மருந்தாம், பரிசோதனை பண்ணுகிறார்களாம் என்று பேசியிருக்கிறார்கள். நல்லவேளை, விடுபட்ட பிள்ளைகளுக்காக ஒரு வாரம் கழித்து இன்னொரு நாள் உண்டு. அதற்குள் வீடு வீடாகப் போய்ச் சொல்ல வேண்டியதாயிற்று. சீட்டில் நான் எழுதியது எதுவும் பொய்யில்லை. ஆனால் ஒரு அம்மாவுக்குத் தெரிய வேண்டிய ஒன்றுகூட அதில் இல்லை. ஊசியா மாத்திரையா? வெறும் வயிற்றிலா? பிள்ளைக்கு ஏதாவது ஆகுமா? அப்போது யார் கூட இருப்பார்கள்? கேள்விக்குப் பதில் இல்லாத இடத்தில் வதந்தி வந்து உட்கார்ந்துகொள்கிறது.

இப்போது அதையே என் குரலில் பதிந்து அனுப்புகிறேன்:

"வணக்கம்மா, வணக்கம்ணே, பள்ளிக்கூடத்துல இருந்து டீச்சர் பேசுறேன். வர்ற திங்கக்கிழமை நம்ம பிள்ளைங்களுக்குப் பூச்சி மாத்திரை குடுக்குறோம். ஊசி கிடையாது. மென்னு சாப்பிடுற மாத்திரை ஒண்ணே ஒண்ணு. சாப்பிட்ட பிறகுதான் குடுப்போம். வயித்துல பூச்சி அதிகமா இருந்தா அன்னைக்கு லேசா வயித்து வலியோ குமட்டலோ வரலாம், கொஞ்ச நேரத்துல சரியாயிடும். பிள்ளைக்குக் காய்ச்சல் இருந்தாலோ வேற மருந்து சாப்பிட்டுட்டு இருந்தாலோ எங்கிட்ட சொல்லுங்க, அன்னைக்குக் குடுக்க மாட்டோம். நர்சம்மா வர்றாங்க, நானும் கூடவே இருப்பேன்."

ஒரு நிமிடத்துக்குள் முடிகிறது. பேச்சு வழக்கில் பேசினால் மரியாதை குறையும் என்று ஒரு மூத்த ஆசிரியர் சொன்னார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆயா அந்தக் குரலைப் பக்கத்து வீட்டுப் பையன் போனில் இரண்டு தடவை கேட்டாராம், எனக்குப் பதில் வேறு சொன்னாராம். எழுத்தில் அனுப்பியிருந்தால் அது நடந்திருக்காது.

குரல் பதிவில் எனக்கு நானே வைத்துக்கொண்ட சில கட்டுப்பாடுகள் உண்டு. ஒரு பதிவில் ஒரே செய்தி. மூன்று செய்தியைச் சேர்த்துச் சொன்னால் கடைசியில் சொன்னதுதான் மனசில் நிற்கும். தேதியோடு கிழமையைக் கட்டாயம் சொல்வேன், முடிந்தால் ஊர் நினைவில் வைக்கும் அடையாளத்தையும்: ஆடி ரெண்டாம் வெள்ளிக்கு முந்தின நாள், சந்தை நாளுக்கு மறுநாள் என்று. பெற்றோர் செய்ய வேண்டியது என்ன என்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுவேன். செய்ய வேண்டியது ஒன்றுமில்லை என்றால் அதையும் சொல்வேன், "இது சும்மா தெரிஞ்சுக்கறதுக்குத்தான்" என்று. அனுப்பும் நேரம் இரவு ஏழரையிலிருந்து எட்டரைக்குள். அப்போதுதான் போன் வீட்டில் இருக்கும், நூறு நாள் வேலைக்குப் போன அம்மாவும் வீட்டில் இருப்பார். காலை பத்து மணிக்கு அனுப்பும் செய்தி யாருடைய பையிலோ சும்மா சுற்றிக்கொண்டிருக்கும்.

குழுவைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2020-இல் ஊரடங்கு சமயத்தில் தொடங்கிய குழு அது. கல்வித் தொலைக்காட்சியில் எந்த நேரத்தில் எந்த வகுப்புக்குப் பாடம் என்று சொல்லத்தான் தொடங்கினேன். கொஞ்ச நாளில் காலை வணக்கப் படங்கள், கட்சிச் சண்டை, தெருக்குழாய்த் தகராறு எல்லாம் அதற்குள் வந்துவிட்டன. நிர்வாகி மட்டும் அனுப்பலாம் என்று மாற்றினேன். சிலருக்கு வருத்தம். அதனால் மாலை நாலரை முதல் ஐந்தரை வரை என் எண்ணில் யார் வேண்டுமானாலும் பேசலாம் என்று சொன்னேன், அந்த நேரத்தில் நான் பஸ் ஸ்டாப்பில்தான் நிற்பேன். குழுவில் பேச முடியாத பல விஷயங்களை அந்த ஒரு மணி நேரத்தில் பேசியிருக்கிறார்கள்.

அந்தக் குழுவில் நான் செய்த ஒரு காரியத்துக்காக இன்றும் வருந்துகிறேன். ஆதார் எண்ணும் சாதிச் சான்றும் கொடுக்காத பிள்ளைகளின் பட்டியலைப் பெயரோடு போட்டேன். மேலிடத்திலிருந்து அவசரமாகக் கேட்டார்கள், நானும் அவசரப்பட்டுவிட்டேன். அடுத்த நாள் ஒரு அப்பா வேலைக்குப் போகாமல் வந்து நின்றார். "டீச்சர், எம்பொண்ணுக்குப் பொறந்த சர்டிபிகேட்டே இல்ல, அதான் ஆதார் எடுக்க முடியல. எங்கிட்ட தனியா கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே. ஊரு பூரா பாக்குற மாதிரி போட்டுட்டீங்களே." அவர் சத்தம் போட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். மெதுவாகச் சொன்னார். அந்த நிமிடமே பட்டியலை நீக்கினேன், எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டு ஒரு பதிவு அனுப்பினேன். பிறப்புச் சான்று வாங்க அவரோடு நானும் அலைந்தேன். வயதுச் சான்று இல்லை என்பதற்காகப் பள்ளியில் சேர்க்க மறுக்கக் கூடாது என்று 2009-இன் கல்வி உரிமைச் சட்டமே சொல்கிறது. அதைப் பெற்றோருக்குச் சொல்ல வேண்டிய நானே, அது இல்லாததை ஊருக்குக் காட்டிவிட்டேன். அன்றிலிருந்து ஒரு பிள்ளையைப் பற்றிய எதையும் குழுவில் போடுவதில்லை. விடுப்பு, மதிப்பெண், உதவித்தொகை, உடம்பு சரியில்லாதது எல்லாம் தனியாகத்தான்.

புகைப்படமும் அப்படியே. ஆண்டு விழாவில் பிள்ளைகள் ஆடுவதைப் போட்டால் எல்லோருக்கும் சந்தோஷம்தான். ஆனால் கணவரை விட்டுப் பிரிந்து வந்து அம்மா வீட்டில் இருக்கும் ஒரு பெண், தன் மகள் எந்தப் பள்ளியில் படிக்கிறாள் என்பது வெளியே தெரியக் கூடாது என்று என்னிடம் வந்து கெஞ்சினார். அதுவரை எனக்கு அப்படியொரு நினைப்பே வரவில்லை. இப்போது ஜூனில் சேர்க்கையின்போதே ஒவ்வொரு வீட்டிலும் கேட்டுக்கொள்கிறேன். வேண்டாம் என்றவர்களின் பிள்ளைகள் படத்தில் வராமல் எடுக்கிறேன். ஏன் என்று கேட்பதில்லை.

கெட்ட செய்தியை எப்படிச் சொல்வது என்பதை அனுபவம்தான் கற்றுக்கொடுத்தது. நாலாம் வகுப்புப் பையன் ஓடி விழுந்து தாடை கிழிந்தது. அவன் அம்மாவுக்குப் போன் செய்து "உங்க பையன் கீழ விழுந்துட்டான்மா" என்று ஆரம்பித்தேன். அந்தப் பக்கம் அலறல். அதற்குமேல் நான் சொன்ன எதுவும் அவர் காதில் ஏறவில்லை. வயலிலிருந்து செருப்புகூடப் போடாமல் ஓடி வந்தார். இப்போது முதல் வாக்கியம் இதுதான்: "பிள்ளை நல்லா இருக்கான், எம்பக்கத்துல உக்காந்திருக்கான், இந்தா பேசச் சொல்றேன்." பிள்ளையின் குரலைக் கேட்ட பிறகுதான் என்ன நடந்தது என்று சொல்வேன். இன்னொன்று, நான் சொல்வதற்கு முன் வேறு யாரும் சொல்லிவிடக் கூடாது. சின்னக் காயமாக இருந்தாலும் உடனே பேசிவிடுகிறேன். தாமதித்தால் ஊர் வாயில் சின்னக் காயம் பெரிதாகிப் போகும், டீச்சர் மறைத்துவிட்டார் என்றும் ஆகும்.

பள்ளியிலிருந்து போன் என்றாலே பெற்றோர் பேசும் முதல் வார்த்தை, "என்ன தப்பு பண்ணான் டீச்சர்?" வருஷக்கணக்காக நாங்கள் அப்படித்தான் பழக்கியிருக்கிறோம். அதை மாற்ற நாளுக்கு ஒரு வீடு என்று ஆரம்பித்தேன். 47 பிள்ளைகள், வேலை நாளுக்கு ஒருவர் என்றால் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை எல்லோரையும் சுற்றி வந்துவிடலாம். பொதுவாக "நல்லாப் படிக்கிறா" என்று சொல்வதில்லை. "இன்னைக்கு உங்க பொண்ணு தப்பில்லாம ஒரு பக்கம் வாசிச்சா, நடுவுல எங்கயும் நிக்கல" என்பேன். எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பார்த்துச் சொல்லிக்கொடுக்கிறோம். இந்தப் பெயர்கள் வீட்டுக்குப் போய்விட்டால், எம்புள்ள இன்னும் அரும்புலதான் இருக்காளா என்று ஒப்பிட்டு அடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். அதனால் நிலையைச் சொல்லாமல், நேற்று முடியாதது இன்று முடிந்தது என்று மட்டும் சொல்கிறேன். ஒரு அப்பா அந்தப் போனுக்குப் பிறகு ஒரு வார்த்தையும் பேசாமல் வைத்துவிட்டார். எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. அடுத்த நாள் பள்ளிக்கே வந்து, "நேத்து பேச்சு வரல டீச்சர், நான் மூணாவதோட நின்னவன்" என்றார்.

பணத்தைப் பற்றியும் வீடுகளுக்குச் சொல்ல வேண்டும். 47 பிள்ளைகள் இருக்கும் பள்ளிக்கு வருஷத்துக்கு 25,000 ரூபாய் பள்ளி மானியம். அது எங்களுக்குக் கிடைத்த அன்றே வாசல் கரும்பலகையில் எழுதுகிறோம், செலவழிக்கச் செலவழிக்கக் கழித்துக் காட்டுகிறோம்: துடைப்பம், பினாயில், சாக்பீஸ், கழிப்பறைக் குழாய் மாற்றியது. பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராகவும், பாதிப் பேராவது பெண்களாகவும் இருக்க வேண்டும் என்று சட்டம். ஆனால் கூட்டத்துக்கு வந்தவர்கள் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்க்கொண்டிருந்தார்கள். கணக்கு கரும்பலகைக்கு வந்த பிறகுதான் கேள்வி கேட்க ஆரம்பித்தார்கள். "குழாய்க்கு இவ்ளோவா டீச்சர்? என் மச்சான் பிளம்பருதான், அவன் கம்மிக்குப் போடுவான்" என்று ஒருவர் கேட்டார். அடுத்த தடவை அவர் மச்சான்தான் போட்டார். முடியாமல் போனதையும் எழுதுகிறோம். சுற்றுச்சுவருக்குக் கேட்டிருக்கிறோம், இன்னும் வரவில்லை என்ற வரி ரொம்ப நாளாகக் கரும்பலகையில் இருக்கிறது. அதைப் பார்த்து என்னைக் குறை சொன்னவர் யாருமில்லை. கிராம சபையில் எழுந்து கேட்டவர்கள் உண்டு.

அந்தக் கரும்பலகையை இப்போது மூன்றாம் வகுப்புக்கு மேற்பட்ட பிள்ளைகள்தான் எழுதுகிறார்கள். காலை வணக்கக் கூட்டத்தில் செய்தி வாசிக்கும் பிள்ளையே சாயங்காலம் மறுநாள் பள்ளிச் செய்தியைப் பலகையில் எழுத வேண்டும். எழுத்துப்பிழை வந்தால் வரட்டும், அடுத்த பிள்ளை திருத்தும். கூட்டிப்போக வரும் ஆயாக்களுக்குப் பேரப்பிள்ளைகளே படித்துக் காட்டுவார்கள்.

ஐந்தாம் வகுப்பு வீடுகளுக்கு மட்டும் ஜனவரியிலேயே ஒரு தனிச் செய்தி போகிறது, நேரில். ஆறாம் வகுப்புக்கு எங்கே சேர்ப்பது என்பதை மே மாதத்தில் அவசரமாக முடிவு செய்கிறார்கள். மருத்துவம் உள்ளிட்ட தொழிற்படிப்புகளில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காடு ஒதுக்கீடும், கல்லூரியில் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களும் ஆறாம் வகுப்பிலிருந்தே எங்கே படித்தார்கள் என்பதைப் பார்க்கின்றன. எங்கள் பள்ளியில் படித்துப் போன ஒரு பெண்ணை ஆறு முதல் எட்டு வரை கடன் வாங்கித் தனியார் பள்ளியில் போட்டு, பிறகு கட்ட முடியாமல் அரசுப் பள்ளிக்கு மாற்றினார்கள். கல்லூரிக்குப் போகும்போது அந்த ஆயிரம் ரூபாய் அவளுக்குக் கிடைக்கவில்லை. "முன்னாடியே யாராவது சொல்லியிருக்கலாமே டீச்சர்" என்றார் அவள் அம்மா. எங்கே சேர்க்க வேண்டும் என்று நான் சொல்வதில்லை, அது அவர்கள் விருப்பம். ஆனால் முடிவு செய்யும் முன் இது அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

சூளைக்குப் போகும் குடும்பங்களிடம் பொங்கலுக்கு முந்தின வாரம் போய்விடுவேன். போகாதீர்கள் என்று சொல்லி எனக்குப் பழக்கமில்லை, அது அவர்களுடைய பிழைப்பு. எங்கே போகிறீர்கள், பிள்ளையைக் கூட்டிப்போகிறீர்களா என்று மட்டும் கேட்பேன். மாற்றுச் சான்றிதழ் கையில் இல்லை என்பதற்காக அங்கிருக்கும் பள்ளி சேர்க்காமல் இருக்கக் கூடாது, இங்கே நான் எமிஸில் பிள்ளையின் பெயரைப் பொதுத் தொகுப்புக்கு விட்டால் அங்கே அவர்கள் எடுத்துக்கொள்வார்கள் என்று சொல்லிவைப்பேன். ஒரு சீட்டில் என் எண்ணை எழுதிக் கொடுப்பேன்: "அந்த ஊர் டீச்சரை இந்த நம்பருக்குப் பேசச் சொல்லுங்க." போன வருஷம் அப்படி இரண்டு தலைமையாசிரியர்கள் பேசினார்கள்.

மழையில் நனைந்த அந்தப் பையன் ஐந்தாம் வகுப்பை முடித்துப் போய்விட்டான். அவன் தங்கை இப்போது ஒன்றாம் வகுப்பில் இருக்கிறாள். இந்த ஜூனில் நோட்டைப் புதுப்பிக்க அவர்கள் வீட்டுக்குப் போனேன். ஆயா ஒரு பட்டன் போனை எடுத்துக் காட்டினார், மகன் வாங்கிக் கொடுத்தாராம். எண்ணை எழுதிக்கொண்டு, பழைய வரியை அடிக்கப் போனேன். "பால் சொசைட்டிய அடிக்காத டீச்சரம்மா, சார்ஜ் நிக்க மாட்டேங்குது" என்றார். இரண்டையும் வைத்திருக்கிறேன்.